நகுலாக்கா பயந்த சனம்

நகுலேஸ்வரி பத்மநாதனை எனக்குப் பதினாறு வருடங்களாகத் தெரியும். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் இருவரும் ஒன்றாக வேலை செய்கிறோம். நான் சேர்ந்த முதல் நாள், முந்நூறு பிள்ளைகளுக்கு அவிக்கவேண்டிய உருளைக்கிழங்கைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றேன். அவர் என் தலைமுடியை வலைக்குள் சொருகிவிட்டு, "ஒரு நேரத்தில ஒரு தட்டைப் பாரும், ராஜி. முந்நூறையும் ஒண்டாப் பாக்காதையும்" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு நகுலாக்கா.

இப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கலியாணம் முடித்த அடுத்த வருடமே கணவர் பத்மநாதனோடு அகதியாக டென்மார்க்குக்குப் போய், அங்கே ஒரு சின்னப் பட்டணத்தில் பதினைந்து வருடம் இருந்தார். மகள் மேனுஷாவும் மகன் நிரூபனும் அங்கேதான் பிறந்தார்கள். ஒரு நாள் மேனுஷா தம்பியோடு டெனிஷ் மொழியில் சண்டை பிடித்துவிட்டு, டெனிஷ் மொழியிலேயே விக்கி விக்கி அழுததைப் பார்த்து நகுலாக்காவுக்கு மனம் கலங்கிவிட்டது. "அழுறதும் வேற பாஷையில எண்டால், எனக்கும் பிள்ளைக்கும் நடுவில என்ன மிஞ்சப்போகுது?" என்று கணவரிடம் கேட்டாராம். லண்டனில் கோயில் இருக்கிறது, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எங்கள் சனம் இருக்கிறது. அதற்காகவே, இருந்த நல்ல வீட்டை விட்டுவிட்டு வெம்பிளிக்கு வந்து, ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் குடியேறினார்கள். மேனுஷாவுக்கு அப்போது பதினாலு வயது.

அந்தச் சனத்தோடு நகுலாக்கா ஒட்டிக்கொண்டுவிட்டார். வெள்ளிக்கிழமை கோயில். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பத்தியக் கறிக்குக் காயச் சரக்கு இடித்துக் கொடுப்பது அவர்தான். அந்தச் சனத்துக்குள் அவர் மிகவும் மதித்த ஆள், மிகவும் பயந்த ஆள் என்றால் கமலாம்பிகை அன்ரி. கோயில் மகளிர் குழுவின் தலைவி. கமலாம்பிகை அன்ரிக்குத் தெரியாமல் வெம்பிளியில் வயதுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு சாமத்தியவீடும் நடக்காது. அவர் ஒரு வீட்டைப் பற்றி வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினால், அந்த வீட்டுக் கதை முடிந்தது என்று அர்த்தம். அப்படித்தான் நகுலாக்கா நம்பினார்.

மேனுஷா படித்துப் பார்மசிஸ்ட் ஆனாள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வேலை கிடைத்தது. வேலைத் தலத்தில் சிநேகிதமான துசியந்தி என்ற பிள்ளையை அடிக்கடி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். துசியந்தி நர்ஸ். அவளும் எங்கள் ஆள்தான். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பாள். நகுலாக்காவின் பிரஷர் குளிசையை எப்போது போடவேண்டும் என்று போனில் மணி வைத்துக் கொடுத்தாள். "இப்பிடி ஒரு பிள்ளை நிரூபனுக்கு அமைஞ்சா நல்லம்" என்று நகுலாக்கா என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, 2017ஆம் ஆண்டு மாசி மாதம் மேனுஷா குசினிக்குள் வந்து நின்று, "அம்மா, நானும் துசியும் கலியாணம் முடிக்கப் போறம்" என்றபோது, நகுலாக்கா முதலில் இரண்டு பேருக்கும் மாப்பிள்ளை கிடைத்துவிட்டது என்றுதான் விளங்கிக்கொண்டார்.

"ஒரே நாளிலயோ? ஆர் பொடியன்மார்?"

"பொடியன்மார் இல்லையம்மா. நான் துசியை முடிக்கப் போறன். துசி என்னை."

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் நகுலாக்கா பல வருடம் கழித்து எனக்குச் சொன்னவை. அவர் கத்தவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டுப் போய்ச் சாமி அறைக்குள் இருந்துவிட்டார். வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "ஆருக்கெல்லாம் தெரியும்?" என்பதுதான். ஏன் என்று கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. மேனுஷா அதை மறக்கவே இல்லை.

"இஞ்ச இதுக்குச் சட்டம் வந்து மூண்டு வருசம் ஆகுதம்மா. நாங்கள் களவு ஒண்டும் செய்யேல்லை."

"சட்டம் வெள்ளைக்காரன்ர. நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவேணும்."

கலியாணம் ஆனி மாதம், கவுன்சில் கட்டடத்தில், நாற்பது பேரோடு. பத்மநாதன் அண்ணைக்குப் போக விருப்பம். அவர் அதிகம் பேசாத மனிதர். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்று காலை வெள்ளைச் சேட்டு ஒன்றை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கீழே வந்திருக்கிறார்.

"இஞ்சாரும், நாங்கள் ஒரு பத்து நிமிசம் போய் நிண்டுட்டு வருவம். பிள்ளை எல்லோ."

"நீங்கள் போறதெண்டாப் போங்கோ. திரும்பி வரேக்கை நான் இந்த வீட்டில இருக்க மாட்டன்."

அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு மேலே போய்ச் சேட்டைக் கழற்றிவிட்டு, பழைய உடுப்போடு பின்வளவுக்குப் போனார். பின்னேரம் வரைக்கும் புல்லு வெட்டினார். அந்த வளவில் வெட்டுவதற்கு அவ்வளவு புல்லே இல்லை என்று நகுலாக்கா சொன்னார்.

சனத்துக்கு என்ன சொல்வது? "மகளுக்கு ஸ்கொட்லாந்தில வேலை. அங்கயே வீடு எடுத்திட்டா" என்று ஒரு கதையைக் கட்டினார். அப்போது கோயில் பக்கம் அதிகம் போகாத எனக்கும் அதே கதைதான். நான் அதை நம்பி, "அங்க குளிர் கூடவாம் என்ன?" என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். "ஓம், கூடத்தான்" என்பார். மேனுஷா அப்போது பார்க்கிங்கில், வெம்பிளியிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்தாள்.

பத்மநாதன் அண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும், லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பார்க்கிங்குக்குப் போய் வந்தார். நகுலாக்காவுக்கு அது தெரியும். ஒருமுறை அவருடைய கோட்டுப் பைக்குள் துசியந்தி பொரித்துச் சுற்றிக் கொடுத்த ரோல்ஸ் இருந்தது. நகுலாக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தடுக்கவேண்டி வரும். தடுக்கவும் அவருக்கு மனமில்லை. அந்த ஐந்தரை வருடமும், சனிக்கிழமை பின்னேரத்தில் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் மகள் சுகமாக இருக்கிறாள் என்று அறிந்துகொண்டார். தேத்தண்ணியை வைக்கும்போது, "இண்டைக்கு லைப்ரரியில நல்ல சனமோ?" என்று கேட்பாராம். "ஓம், நல்லா இருக்கினம்" என்று அவர் சொல்வாராம்.

2022ஆம் ஆண்டு முடியும்போது பத்மநாதன் அண்ணைக்கு வயிற்றில் கான்சர் என்று கண்டுபிடித்தார்கள். நாள் கடந்துவிட்டது என்றார்கள். தை மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தவர், பிறகு வீட்டுக்கு வரவில்லை.

நிரூபன் கலியாணம் முடித்து, மனைவி லக்‌ஷிகாவோடு லீட்ஸில் இருந்தான். அவன் வார முடிவில்தான் வந்துபோக முடிந்தது. மேனுஷாவும் துசியந்தியும் ஒவ்வொரு நாளும் வந்தார்கள். துசியந்தி வேறொரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு, உடுப்பு மாற்றாமலே இங்கே வருவாள். மாமாவுக்கு முகம் சேவ் எடுப்பாள், நகம் வெட்டுவாள், படுக்கைப் புண் வராமல் புரட்டி விடுவாள். நகுலாக்கா கட்டிலுக்கு மற்றப் பக்கத்தில் இருப்பார். இரண்டு பேரும் அவசியமான வார்த்தை மட்டும் பேசிக்கொண்டார்கள். தண்ணி, துவாய், தலாணி. வார்டில் நின்ற ஒரு பிலிப்பினோ நர்ஸ் ஒரு நாள், "உங்கள் மருமகள் மிகவும் கைராசிக்காரி" என்று சொல்ல, நகுலாக்கா, "மருமகள் இல்லை, மகளின் சிநேகிதி" என்று திருத்தினார். துசியந்தி அப்போது பத்மநாதன் அண்ணையின் கால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொடர்ந்து துடைத்தாள்.

மாசி மாதம் பத்தாம் திகதி அவர் போய்விட்டார்.

எங்கள் சனத்தில் யாராவது இறந்தால் உடனே மரண அறிவித்தல் போடவேண்டும். இணையத்திலும் போடுவார்கள், தாளிலும் அடித்துக் கடைகளில் ஒட்டுவார்கள். யாருக்கு மகன், யாருக்குக் கணவர், யாருக்குத் தந்தை, யாருக்கு மாமனார் என்று முறை தவறாமல் வரும். உலகமெங்கும் இருக்கிற சொந்தக்காரர் அந்த வரிகளை வாசித்துத்தான் குடும்பத்தை அளப்பார்கள். அறிவித்தல் எழுத நிஷாந்தன் என்ற ஒருவர் வீட்டுக்கு வந்தார். சமையல் மேசையில் கொப்பியை விரித்துப் பெயர்களைக் கேட்டு எழுதினார். மேனுஷா அப்போது அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் கடதாசி வேலைகளுக்காக நின்றாள்.

"மருமக்கள்?"

"லக்‌ஷிகா" என்றார் நகுலாக்கா.

நிரூபன் தாயைப் பார்த்தான். "துசியின்ர பேரையும் போடுங்கோ அம்மா."

"அவ என்ன முறை?"

"அம்மா, அப்பாவை ஆர் பாத்தது?"

"பாத்தது வேற. முறை வேற. கனடாவில, அவுஸ்ரேலியாவில இருந்து எல்லாம் சனம் வாசிக்கும், நிரூபன். மேனுஷாவுக்குப் பக்கத்தில பொம்பிளைப் பேரைப் போட்டா, கடைசிநாளில அப்பாவைப் பற்றி என்ன கதைப்பினம்?"

நிஷாந்தன் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நகுலாக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மருமக்கள் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் போனது.

மேனுஷா அதை ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் நின்று போனில் வாசித்தாள். நூற்றுக்கணக்கான பேர் இரங்கல் எழுதியிருந்தார்கள். அவள் அதைத் துசியந்திக்குக் காட்டவில்லை. துசியந்தியோ அதற்குள் வாசித்து முடித்துவிட்டிருந்தாள்.

செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன். தேவாரம் பாடி முடிந்து வாய்க்கரிசி போடும் நேரம். மேனுஷாவைப் பார்த்து, "எப்ப ஸ்கொட்லாந்தில இருந்து வந்தனீர் பிள்ளை?" என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். "நான் ஸ்கொட்லாந்துக்கு ஒருநாளும் போனதில்லை, ராஜி அன்ரி" என்றாள். எனக்குக் கதை தெரியவந்தது அப்படித்தான்.

மேனுஷா அரிசி போட்டுவிட்டுத் தகப்பனின் காலைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் துசியந்தி வந்தாள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்ற ஒரு வயதானவர், கெட்ட எண்ணத்தோடு அல்ல, சும்மா, "நீங்கள் ஆர் பிள்ளை? சொந்தக்காரர் முதல்ல போடட்டும்" என்றார்.

துசியந்தி நகுலாக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த மண்டபத்தில் ஒரு சொல் சொன்னால் போதுமாயிருந்தது. நகுலாக்கா கண் துடைத்த லேஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சிநேகிதி" என்று சொல்லிவிட்டுத் துசியந்தி பின்னுக்குப் போய், கோட்டுகள் தொங்குகிற இடத்தில் நின்றாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மேனுஷா தாயிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, அப்பா கடைசியாச் சாப்பிட்டது ரெண்டு கரண்டி கஞ்சி. அதை வாயில தீத்தினது துசி. அவவுக்கு ஒரு பிடி அரிசி போடக் குடுக்கேல்லை நீங்கள்."

"பிள்ளை, சனத்துக்கு முன்னால..."

"ஓம். சனத்தோடயே இருங்கோ. நான் இனி வரமாட்டன்."

அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. முப்பத்தொராம் நாள் கிரியைக்கும் வரவில்லை. முதல் வருடம் நகுலாக்காவுக்குக் கோபம் இருந்தது. இரண்டாம் வருடம் கோபம் போய்விட்டது. வீட்டில் தனியே இருந்தார். வேலையில் கஸ்டர்ட் கிண்டும்போது அப்படியே கையை நிறுத்திவிட்டு நிற்பார். நான் வந்து அகப்பையை வாங்குவேன். சனிக்கிழமை பின்னேரங்கள்தான் அவருக்கு மிகவும் கஷ்டம். மகள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க இப்போது ஒரு முகமும் இல்லை.

போன வருடம் ஆவணி மாதம் கமலாம்பிகை அன்ரி நகுலாக்கா வீட்டுக்கு ஒரு கலியாண அழைப்புக் காட்டோடு வந்தார். தமிழில் பிள்ளையார் படம் போட்டு, பொன் எழுத்தில் அடித்த காட். தன் இளைய மகன் சஞ்சயனுக்கும் கிரண் என்ற குஜராத்திப் பொடியனுக்கும் திருமணம் என்று இருந்தது. நகுலாக்கா அந்தக் காட்டை மூன்று தரம் வாசித்தாராம். கமலாம்பிகை அன்ரி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "கட்டாயம் வரவேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு நகுலாக்கா அந்தக் கலியாணத்துக்குப் போனார். வெம்பிளியில் பெரிய மண்டபம். நானூறு பேர் இருக்கும். இரண்டு மாப்பிள்ளைகளும் பட்டு வேட்டியில். நாதஸ்வரம், மேளம். சில பேர் வரவில்லைத்தான். வந்தவர்களிலும் சிலர் சாப்பாட்டு மேசையில் குசுகுசுத்தார்கள். ஆனால் அதே மேசையில் தலைப்பாகையின் வடிவையும் பாயாசத்தின் இனிப்பையும் பற்றி அதைவிடக் கூடக் குசுகுசுத்தார்கள். கோயில் குழுப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறச் சேலையில் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நிறத்தைத் தெரிவு செய்ததற்கே வட்ஸ்அப்பில் இரண்டு கிழமை சண்டை நடந்ததாம்.

நகுலாக்கா எதையும் சாப்பிடவில்லை. கமலாம்பிகை அன்ரி எங்கள் மேசைக்கு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"என்ன நகுலேஸ், ஒண்டும் தொடேல்லை? சரி, மேனுஷாவும் மற்றப் பிள்ளையும் சுகமோ? இப்பவும் பார்க்கிங்கிலதானோ?"

நகுலாக்கா அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"அது அப்பவே தெரியும். கலியாணம் முடிஞ்ச அடுத்த கிழமையே படம் எல்லாற்ர போனிலயும் வந்திட்டுது. நீங்கள் ஸ்கொட்லாந்து எண்டு சொன்னியள். உங்களுக்கு அப்பிடிச் சொல்ல விருப்பமாக்கும், கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது எண்டு நாங்களும் ஸ்கொட்லாந்து எண்டே கதைச்சம்."

"எல்லாருக்குமோ?"

"ஓம். எல்லாருக்கும்தான்."

"அப்ப நான் கலியாணத்துக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பியளோ?"

கமலாம்பிகை அன்ரி பொய் சொல்லக்கூடிய ஆள் அல்ல. யோசித்தார். "அந்த நேரம்? எல்லாரும் வந்திருக்க மாட்டினம். நானும் என்ன செய்திருப்பனோ தெரியாது. சஞ்சயன் எனக்குச் சொல்லேக்கை நானும் ஒரு மாதம் அவனோட கதைக்கேல்லை." பிறகு, "ஆனா பத்துப் பேர் வந்திருப்பம், நகுலேஸ். பத்துப் பேர் கட்டாயம் வந்திருப்பம்" என்றார்.

யாரோ கூப்பிட, அவர் எழுந்து போய்விட்டார். நகுலாக்கா என் கையைப் பிடித்தார். "எட்டு வருசம் ராஜி" என்றார். "ஆருக்கு மறைச்சன் நான்?"

அதன் பிறகு ஐந்து மாதம் அவர் தயங்கிக்கொண்டே இருந்தார். இந்த வருடம் மாசியில் பத்மநாதன் அண்ணையின் மூன்றாம் ஆண்டு நினைவு வந்தது. நினைவஞ்சலி போட நிஷாந்தனை வரச்சொல்லி, தானே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். மருமக்கள் துசியந்தி, லக்‌ஷிகா. மூத்த பிள்ளையின் துணை முதலில் வரவேண்டும் என்று வரிசையையும் சொன்னார். நிஷாந்தன் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டு போனார். அது வெளிவந்தது. சனம் வழக்கம்போலக் கைகூப்பிய படம் போட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை தவறாக எழுதவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளை ஒரு உறைக்குள் வைத்து, இறால் பொரியலும் செய்து எடுத்துக்கொண்டு நகுலாக்கா பார்க்கிங்குக்குப் புறப்பட்டார். விலாசத்தை நிரூபனிடம் கெஞ்சி வாங்கியிருந்தார். தனியே போகப் பயம் என்றார், நானும் போனேன். ரயிலில் அவர் சாப்பாட்டுப் பெட்டி மடியில் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தது துசியந்தி. கொஞ்சம் மெலிந்திருந்தாள். "அன்ரி" என்றாள். அதிலே கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "ஒரு நிமிசம் நில்லுங்கோ" என்று உள்ளே போனாள். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

மேனுஷா வந்தாள். வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச்சொல்லவில்லை.

நகுலாக்கா உறையை நீட்டினார். "பிள்ளை, இந்த முறை துசியின்ர பேர் போட்டிருக்கு. முதலாவதாப் போட்டிருக்கு. பார்."

மேனுஷா தாளை எடுத்து முழுவதையும் வாசித்தாள். பிறகு மடிப்புக் குலையாமல் மடித்து உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கமலாம்பிகை அன்ரியின்ர மகன்ர கலியாணத்துக்குப் போனனீங்கள் என்ன? படம் பாத்தனான். நல்ல சேலை."

நகுலாக்கா உறையைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கலியாணம் நடந்திருக்காட்டி, இண்டைக்கு இஞ்ச வந்திருப்பியளோ அம்மா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஓம் பிள்ளை, எப்படியும் வந்திருப்பன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கவும் கூடும். நான் மனதுக்குள் சொல்லுங்கோ அக்கா, சொல்லுங்கோ என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

"வந்திருக்க மாட்டன்" என்றார் நகுலாக்கா.

மேனுஷா தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. "அப்பா ஒருத்தரையும் கேட்டிட்டு வரேல்லை. பயந்து பயந்துதான் வந்தவர். கதவில தட்டினாப் பிறகும் திரும்பித் திரும்பி றோட்டைப் பாப்பார். ஆனா வந்தவர்."

"என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை."

"எனக்குக் கோவம் இல்லையம்மா. கோவம் எண்டால் கத்தித் தீத்திருப்பன். சனம் ஓம் எண்டு சொன்னாப் பிறகு நீங்களும் ஓம் எண்டுறியள். நாளைக்குச் சனம் இல்லை எண்டால்?"

அப்போது உள்ளேயிருந்து, "அம்மா, ஆர்?" என்று ஒரு மழலைக் குரல் கேட்டது. ஒரு காலில் மட்டும் சொக்ஸ் போட்ட ஒரு பெண் குழந்தை ஓடிவந்து மேனுஷாவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. சுருட்டை முடி. நகுலாக்காவின் வாய் திறந்தபடி நின்றது. அப்படி ஒரு பிள்ளை இருப்பது அவருக்குத் தெரியாது. நிரூபனும் சொல்லவில்லை.

மேனுஷா குனிந்து குழந்தையின் முதுகைத் தடவினாள். "தெரிஞ்ச அன்ரி ஒராள், செல்லம். உள்ள போங்கோ."

குழந்தை நகுலாக்காவுக்குக் கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டது. துசியந்தி வெளியே வந்து சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் அவருடைய கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"மழை வரப்போகுது. கவனமாப் போங்கோ" என்றாள் மேனுஷா. கதவை அடித்துச் சாத்தவில்லை. சத்தமில்லாமல்தான் மூடினாள்.

திரும்பும் ரயிலில் நகுலாக்கா என்னைக் கேட்டார். "பிள்ளைக்கு ரெண்டரை வயசு இருக்கும் என்ன?"

"அவ்வளவு இருக்குமக்கா."

அவர் விரலை மடித்து மாதங்களை எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணினார்.

"அவர் போகேக்கை துசி பிள்ளைத்தாச்சி, ராஜி. ஆஸ்பத்திரியில கட்டிலுக்குப் பக்கத்தில ஒரே ஒரு கதிரை. கடைசி நாளுகளில அவர் என்னைப் பாத்து, 'நீர் எழும்பும், துசி இருக்கட்டும்' எண்டவர். மருந்தில புலம்புறார் எண்டு நினைச்சு நான் எழும்பேல்லை." மடித்திருந்த விரல்களை விரித்து மடியில் வைத்தார். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நாப்பது வருசம் ஒண்டா இருந்தம். எனக்குச் சொல்ல அவர் பயந்திட்டார்."

அதன் பிறகுதான் அவர் அழுதார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். எதிரே இருந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துத் தந்தாள். வெம்பிளியில் இறங்கும் வரைக்கும் நான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. மேனுஷாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. துசியந்தி மட்டும் ஒருமுறை, பெட்டியைக் கழுவி நிரூபனிடம் கொடுத்துவிட்டதாகவும், பிள்ளையின் பெயர் ஆதிரை என்றும், மேனுவுக்குக் கொஞ்சக் காலம் வேண்டும் என்றும் செய்தி அனுப்பினாள். படம் அனுப்பவில்லை. எவ்வளவு காலம் என்று நகுலாக்கா கேட்டு எழுதவில்லை.

சனத்தோடு அவர் இப்போது பொய் பேசுவதில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலில் பூமாலை கட்டிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஒரு பெண், "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று விசாரித்தாள். "மகன் லீட்ஸில. மகள் பார்க்கிங்கில. துசியந்தி எண்ட பிள்ளையை முடிச்சிருக்கிறா. ஒரு பேத்தியும் இருக்கு" என்று நகுலாக்கா தலை நிமிர்ந்து சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் கொஞ்சமும் திகைக்கவில்லை.

"நல்லம் அன்ரி. தேருக்கு அவையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். பூத்தட்டைச் சரிசெய்துகொண்டிருந்த கமலாம்பிகை அன்ரியும், "ஓம் நகுலேஸ், கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும். நாங்கள் எல்லாரும் பாக்கவேணும்" என்றார்.

"சொல்லிப் பாக்கிறன்" என்றார் நகுலாக்கா.